முதலில் திருத்த வேண்டியிருந்தது என் வாயை

ஆறு வயதில் அவள் என் வகுப்புக்கு வந்தாள். வீட்டில் பேசும் மொழி வேறு. ஆங்கிலம் காதில் விழத் தொடங்கியே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஜன்னலோரத்தில் இடம் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்கும்போது மற்றவர்கள் "ப்ரசன்ட் மிஸ்" என்று கத்துவார்கள். இவள் ஒற்றை விரலைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், எனக்கு என்ன வேகம் வந்ததோ, "நீ வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்த பெயர்" என்று நின்றுவிட்டேன். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், பிறகு மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மதிய இடைவேளை வரை அந்தத் தலை நிமிரவில்லை. மறுநாள் அவள் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, அலமாரிக்குப் பின்னால் பட அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது விளையாட்டு மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள்தான். மூன்று பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "சிட் டவுன். சிட் டவுன். லிசன். ஐ ஆம் வெயிட்டிங்!" அந்த 'வெயிட்டிங்'கை நான் எப்படி இழுத்துச் சொல்வேனோ அப்படியே இழுத்தாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. இலக்கணமும் சரி. என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட முதல் முழு ஆங்கில வாக்கியம் என் எரிச்சல்.

ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பற்றி எழுதச் சொல்லிச் சில ஆசிரியத் தோழிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். எதை எடுத்தாலும் அந்த அலமாரிக்குப் பின்னால்தான் போய் நிற்கிறேன். குழந்தைகளின் வாயைத் திறக்க வைப்பதுதான் என் வேலை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நான் கவனித்ததே இல்லை.

அவளுடைய மௌனத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களின் தொடக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 'மௌனக் காலம்' என்று நாம் சொல்லலாம். இரண்டாம் மொழிக்குள் நுழையும் குழந்தைகள் பலர் சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தாய்மொழியிலும் அப்படித்தானே நடந்தது? ஒரு வயதுவரை குழந்தையிடம் பேசிக்கொண்டே இருந்தோம், "ஏன் இன்னும் வாக்கியமாகப் பேசவில்லை" என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கிராஷனின் கருத்துகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்பதில்லை. கேட்டால் மட்டும் போதும் என்று அவர் சொல்வதை நானும் ஏற்கவில்லை. ஆனால் பயந்த குழந்தைக்குள் எந்த மொழியும் இறங்காது என்று அவர் சொன்னதை நான் ஒரு முழுக் காலைப்பொழுது கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா மௌனமும் இந்த மௌனம் இல்லை. வீட்டில் தன் மொழியில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை வகுப்பில் ஊமையாக இருந்தால் பொறுத்திருக்கலாம். வீட்டுமொழியிலும் பேச்சு குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மாதங்கள் ஓடியும் தலையசைப்போ விரல்காட்டலோகூட இல்லை என்றால் காதையும் பேச்சையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வீட்டில் எப்படிப் பேசுகிறாள்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் நான்காவது மாதத்தில்தான் கேட்டேன். "வாயை மூடவே மாட்டாள்" என்று அவள் அம்மா சிரித்தார்.

பேசாத குழந்தைக்குப் புரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையையும் காலையும் பார்த்துத்தான். ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்: ஆசிரியர் கட்டளை சொல்ல, மாணவர்கள் உடலால் பதில் சொல்ல வேண்டும். எழுந்திரு, திரும்பு, கதவைத் தொடு. கேட்கச் சுலபமாக இருக்கிறது. நானும் சுலபம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன், ஒரு மாதம் ஏமாந்தேன். "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிக்கொண்டே என் மூக்கைத் தொடுவேன். வகுப்பு முழுவதும் மூக்கைத் தொடும். ஆகா, புரிந்துவிட்டது! ஒரு நாள் வாய் 'நோஸ்' என்று சொல்லும்போது கை தவறிக் காதுக்குப் போய்விட்டது. முப்பது கைகள் காதைத் தொட்டன. அதுவரை அவர்கள் என் சொல்லைக் கேட்கவே இல்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு முதல் இரண்டு முறைதான் நான் செய்துகாட்டுவேன். மூன்றாவது முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். பிறகு வரிசையை மாற்றுவேன். அதற்கும் பிறகு அவர்கள் இதுவரை கேட்டிராத சேர்க்கைகளைக் கொடுப்பேன்: பென்சிலைத் தலைமேல் வை, புத்தகத்தை நாற்காலிக்கு அடியில் வை, நாற்காலிக்கு அடியில் இருக்கும் புத்தகத்தின்மேல் பென்சிலை வை. தனித்தனியாகத் தெரிந்த சொற்களைப் புதிதாகக் கோத்துக் கொடுக்கும்போது குழந்தை ஒரு கணம் நின்று, கண்ணை மேலே உருட்டி, பிறகு குனிந்து நாற்காலிக்கு அடியில் கையை நீட்டும். அந்த ஒரு கணத்தில்தான் ஆங்கிலம் நடக்கிறது. ஜன்னலோரச் சிறுமி இதில் யாரையும்விடக் கெட்டி. என் பதிவேட்டில் 'பேசவில்லை' என்று இருந்தவள், வகுப்பிலேயே நன்றாகக் கேட்பவளாக இருந்தாள்.

கட்டளைக்கு எல்லை உண்டு. 'நேர்மை', 'நேற்று', 'ஒருவேளை' ஆகியவற்றை மூக்கைத் தொட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டு மாதத்துக்குமேல் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் உடற்பயிற்சி வகுப்பாகிவிடும். ஆனால் ஒரு கட்டத்தில் கட்டளையிடும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுத்துவிட்டால் வேடிக்கையைப் பாருங்கள். ஆசிரியையைத் தலையில் பையை வைத்துக்கொண்டு நடக்கவைக்க எந்தக் குழந்தையும் பேசும்.

என் பேச்சுக்கு வருகிறேன். ஒரு நாள் கைப்பேசியை மேசையில் வைத்து இருபது நிமிடப் பாடத்தைப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் வெட்கமாகப் போய்விட்டது. இருபது நிமிடத்தில் பத்தொன்பது முறை "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டிருக்கிறேன். பத்தொன்பது முறையும் வகுப்பு ஒரே ராகத்தில் "யெஸ் மிஸ்" என்று பாடியிருக்கிறது. புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்த குழந்தைக்குத்தான் அந்தக் கேள்வியால் பயன். மற்றவர்களுக்கு அது ஒரு மணியோசை. அடித்தால் 'யெஸ்' வர வேண்டும்.

அந்தச் சொல்லை வகுப்பிலிருந்து துரத்த எனக்கு ஒரு பருவம் பிடித்தது. அதன் இடத்தில் எதையாவது செய்யச் சொன்னேன். இரண்டு படங்களில் எது என்று காட்டு. சரியென்றால் கட்டைவிரலை மேலே நீட்டு, தவறென்றால் கீழே நீட்டு. நான் சொன்னதைக் கோட்டுச் சித்திரமாக வரை. "மரத்துக்குப் பின்னால் நாய்" என்று சொன்னால் பத்துக் குழந்தைகள் மரத்தின்மேல் நாயை வரைவார்கள். 'பிஹைண்ட்' இன்னும் போய்ச் சேரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆயிரம் 'யெஸ் மிஸ்'ஸிலும் அது தெரியாது.

பதிவில் இன்னொன்றும் கேட்டது, அல்லது கேட்கவில்லை: இடைவெளி. கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே நானே மறுபடி கேட்கிறேன், அல்லது வேறு பிள்ளையைக் கூப்பிடுகிறேன், அல்லது நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்குமேல் நீட்டியவுடன் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள், "தெரியாது"கள் குறைந்தன. அவை ஆங்கிலம் தெரிந்த குழந்தைகளின் வகுப்புகள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அந்த நேரத்தில் எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். "வாட் டிட் யூ சீ?" என்று கேட்கிறேன். தமிழ் பேசும் வீட்டுப் பையன். முதலில் கேள்வி புரிய வேண்டும். 'நான் நேற்று ஒரு பூனையைப் பார்த்தேன்' என்று மனதில் வருகிறது. பூனைக்கு ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். கடைசியில் இருக்கும் 'பார்த்தேன்' என்பதைப் பிடுங்கி இரண்டாவது இடத்தில் நட வேண்டும். பூனையோடு ஒட்டியிருக்கும் 'ஐ'யை உரித்துப் போட வேண்டும். 'ஒரு' என்பதை 'எ' ஆக்க வேண்டும். இறந்தகாலத்துக்கு 'சீ' சரிப்படாது, 'சா' வேண்டும். இத்தனையும் முடியும் முன்னால் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன். அவசரத்தில் அவன் "ஐ யெஸ்டர்டே கேட் சா" என்று சொன்னால் அது மூளைக் குழப்பம் இல்லை. தமிழ் ஒழுங்கில் அட்சரசுத்தமான வாக்கியம், ஆங்கிலச் சட்டை போட்டிருக்கிறது.

இப்போது கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஏழுவரை எண்ணுகிறேன். முதல் சில நாட்கள் அந்த ஏழு வினாடி ஒரு யுகம் போல இருந்தது. எண்ணி முடித்த பிறகும் யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள் என்கிறேன். ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் பெயர் வைத்துப் பரப்பிய முறை இது: யோசி, இணையோடு பேசு, பிறகு எல்லோரோடும் பகிர். முப்பது பேர் முன்னால் தவறு செய்யத் துணியாதவன் ஒருவனுக்கு முன்னால் துணிவான். அதோடு, ஒருமுறை வாயில் போட்டு மென்ற வாக்கியம் இரண்டாம் முறை தானாக வருகிறது.

கேள்வியின் உயரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே படம்: குளத்தோரம் ஒரு தவளை, ஒரு கொக்கு. நேற்று வந்த பிள்ளையிடம் "ஷோ மீ த ஃப்ராக்". கொஞ்ச நாளானவனிடம் "இஸ் த ஃப்ராக் கிரீன்?" அடுத்தவனிடம் "இஸ் இட் கிரீன் ஆர் பிரவுன்?" இதில் பதிலுக்கு வேண்டிய சொல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, கையை நீட்டி எடுத்துக்கொண்டால் போதும். இன்னும் தேறியவளிடம் "கொக்கு என்ன செய்யப்போகிறது, ஏன்?" நான்கு பிள்ளைகளும் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசினார்கள், யாரும் தனியாக மூலையில் உட்கார்ந்து எழுத்துக்கு வண்ணம் தீட்டவில்லை. புதிதாக வந்த குழந்தைக்கு வண்ணம் தீட்டக் கொடுத்து உட்கார வைப்பது பல வகுப்புகளில் நடக்கிறது. நானும் செய்திருக்கிறேன். அது கற்பித்தலில் சேராது, குழந்தையைப் பார்த்துக்கொள்வதில்தான் சேரும்.

மௌனம் கலைந்த பிறகு வேறொரு பொறி காத்திருக்கிறது. பிள்ளை மைதானத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறான், சிரிக்கிறான், புகார் சொல்கிறான். "இவனுக்கு இனி உதவி தேவையில்லை" என்று எல்லோரும் கைகழுவுகிறோம். கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார்: அன்றாடப் பேச்சு ஆங்கிலம் ஒன்று, பாட ஆங்கிலம் வேறு. முதலாவது ஓரிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம்.

எனக்கு இதைப் புரியவைத்தவன் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்குப் புத்தகத்தில் கம்பிமேல் பறவைகள். பன்னிரண்டு இருந்தன, ஐந்து பறந்துவிட்டன, "ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?" நான்கு என்று எழுதியிருந்தான். கழித்தல் நன்றாகத் தெரிந்தவன். மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் நான்கு. பொறுமை போய், "எப்படி நான்கு, காட்டு" என்றேன். படத்தில் கம்பத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பறவைகளை விரல்வைத்து எண்ணினான்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. 'லெஃப்ட்' என்றால் இடது. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான், "டச் யுவர் லெஃப்ட் இயர்" என்று. அவன் விடை முற்றிலும் சரி. கேள்விதான் இரண்டு முகம் காட்டியது.

அன்றிலிருந்து கணக்கு, அறிவியல் பாடங்களுக்கு முன்னால் பக்கத்தை ஒருமுறை அந்நியக் கண்ணால் பார்க்கிறேன். 'டேபிள்' என்றால் மேசை என்று தெரியும், வாய்பாடு என்று தெரியாது. 'ஈவன்' (இரட்டைப்படை), 'ஆட்' (ஒற்றைப்படை), 'மீன்' (சராசரி) எல்லாம் இப்படி இரட்டை வேடக்காரர்கள். அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொன்னார்கள். அடியில் 'நாற்காலி', 'ஓடு' போன்ற அன்றாடச் சொற்கள். உச்சியில் 'ஒளிச்சேர்க்கை' போல ஒரு பாடத்துக்கே உரியவை. நடுவில் 'ஒப்பிடு', 'கவனி', 'காரணம்' என்று எல்லாப் பாடங்களிலும் தலைகாட்டுபவை. உச்சி அடுக்கைப் பாடப் புத்தகம் தடித்த எழுத்தில் கொடுத்துவிடும். அடி அடுக்கை மைதானம் கொடுக்கும். நடு அடுக்கை யாரும் கொடுப்பதில்லை, அதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நடு அடுக்குச் சொற்கள் எனக்குப் போதும். பட்டியலில் இருபது சொற்கள் கொடுத்துப் பத்து முறை எழுதிவரச் சொல்வது கைக்குப் பயிற்சி.

பாட்டு, விளையாட்டு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நல்லவைதான், செய்யுங்கள். சுவரெல்லாம் ஒட்டும் சொல் அட்டைகள் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. 'டோர்' என்ற அட்டை கதவில் மூன்று ஆண்டு தொங்கினால் அதை வாசிப்பது பல்லி மட்டும்.

எழுத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஒலிகளோ உச்சரிப்பு வழக்கைப் பொறுத்துச் சுமார் 44. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 'க' என்ற எழுத்தின் பெயரே 'க'தான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் குழந்தையைத் தவறான ஊருக்கு அழைத்துப் போகும். ஒரு பையன் 'வெட்' (ஈரம்) என்ற சொல்லை 'ஒய்' எழுத்தில் தொடங்கி எழுதினான். யோசித்துப் பார்த்தால் அவன்பக்கம் நியாயம் இருக்கிறது: அந்த எழுத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், 'வ' போன்ற ஒலியோடுதான் தொடங்குகிறது. அதனால் பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒலிகளில் தொடங்குகிறேன்.

தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு சிக்கல். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஒரு ஒலி, இரண்டாவது 'ப' வேறு ஒலி. நாவில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது, இடத்தைப் பார்த்து நாமே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்திலோ அந்த ஒரு வேறுபாட்டில் 'பன்றி' என்ற சொல் 'பெரிய' என்ற சொல்லாகிவிடும். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இங்கே எழுதிக்காட்ட எனக்கே வழியில்லை பாருங்கள். இதுவும் 'பிக்', அதுவும் 'பிக்'. குழந்தை மாற்றி எழுதினால் 'காது கேட்கவில்லையா' என்று அதட்டுவதில் என்ன நியாயம்? மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். பன்றிக்குச் சொல்லும்போது காகிதம் துள்ளும். பெரியதுக்குச் சொல்லும்போது சும்மா இருக்கும். ஒரு மணி நேரம் வகுப்பே காகிதத்தை ஊதிக்கொண்டிருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், போகட்டும்.

ஒலிகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்றில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளின் எழுத்தறிவு பற்றி ஆராய அமெரிக்காவில் அமைத்த தேசியக் குழு 2006இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒலிவழி வாசிப்புப் பயிற்சி இந்தக் குழந்தைகளுக்கும் பயன்படுகிறது, ஆனால் அது மட்டும் போதாது, பேச்சு ஆங்கிலத்தை விரிவாக வளர்க்காவிட்டால் வாசித்துப் புரிந்துகொள்வதில் பின்தங்குவார்கள் என்று அது சொன்னது. கடகடவென்று பக்கத்தை வாசித்து முடித்து, "என்ன கதை?" என்றால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளையை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து கதைப் புத்தகம், அதுவும் ஒரே புத்தகம் ஐந்து நாள். திங்களன்று படங்களை மட்டும் புரட்டுவோம். என்ன நடக்கும் என்று அவரவர் மொழியில் ஊகிக்கலாம். செவ்வாயன்று நான் நிறுத்தாமல் வாசிப்பேன், குரல் மாற்றி, கை ஆட்டி. ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்க மாட்டேன். மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் ஆங்கிலத்துக்கு யார் காது கொடுப்பார்கள்? புதனன்று திரும்பத் திரும்ப வரும் வரியில் நான் நிறுத்துவேன், அவர்கள் முடிப்பார்கள். வியாழனன்று வேண்டுமென்றே தப்பாக வாசிப்பேன். கரடி என்னும் இடத்தில் கோழி என்பேன். "நோ மிஸ்! பேர்! பேர்!" என்று கூரை பறக்கும். ஜன்னலோரச் சிறுமி வகுப்பறிய எழுப்பிய முதல் சத்தம் இதுதான், என்னைத் திருத்துவதற்காக. வெள்ளிக்கிழமை அவர்களே கதையை நடிப்பார்கள், கதை எங்கேயோ போய் முடியும்.

புத்தகங்களின் பலத்துக்கு எனக்குப் பிடித்த சான்று ஃபிஜித் தீவுகளிலிருந்து வருகிறது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அங்குள்ள கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு அல்ல, வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் அந்தக் குழந்தைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் முன்னேறினார்கள் என்று 1983இல் எழுதினார்கள். எங்கள் வகுப்பில் 250 இல்லை. கிழிந்தவற்றையும் சேர்த்து அறுபது இருக்கும்.

திருத்துவது பற்றி ஆசிரியர்களுக்குள் தீராத சண்டை. ஒரு பிள்ளை "ஷி கோ ஹோம்" என்றால், "யெஸ், ஷி வென்ட் ஹோம்" என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வது நாகரிகமான முறை என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற மொழிக் கல்வி ஆய்வாளர்கள் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்குமேல் இந்த வகைதான். மாணவர்கள் மிகக் குறைவாகக் கண்டுகொண்டதும் இந்த வகைதான். நாம் திருத்திவிட்டோம் என்று நமக்குத் திருப்தி. மிஸ் ஆமோதிக்கிறார் என்று அவனுக்குத் திருப்தி. அதனால் இப்போது கணக்காக இருக்கிறேன். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலத்தை மட்டும் பிடிப்பேன்: "ஷி கோ? நேற்றா?" என்று புருவத்தை உயர்த்தி நிறுத்துவேன், அவனே தேடி எடுப்பான். மற்ற பிழைகள் போகட்டும். 'கோ'வோடு 'எட்' சேர்த்து யாராவது இறந்தகாலம் செய்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விதியைக் கண்டுபிடித்துவிட்டான், விதிவிலக்கு பின்னால் வரும்.

கடைசியாக, நான் நெடுநாள் செய்த பெரிய தவறு. 'இங்கே ஆங்கிலத்தில் மட்டும் பேசவும்' என்ற பலகையை வகுப்பில் நானே மாட்டியிருந்தேன். அது வந்ததும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசவில்லை, பேசாமல் இருந்தார்கள். ஒரே வீட்டுமொழிக்காரர்கள் இரண்டு பேர் முதலில் தங்கள் மொழியில் கலந்து பேசிவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்தில் சரக்கு இருக்கிறது. வேல்ஸில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில் இதையே திட்டமிட்டுச் செய்தார்: ஒரு மொழியில் வாசி, இன்னொரு மொழியில் பேசு, எழுது. இன்று உலகமெங்கும் அதைப் பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

பெற்றோரிடம் "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று அறிவுரை சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சிறுமியின் அம்மாவிடமும் சொன்னேன். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போய், வீட்டில் மகளிடம் பேசுவதையே குறைத்துவிட்டார். தெரிந்த பத்து ஆங்கில வாக்கியங்களில் எத்தனை கதை சொல்ல முடியும்? பிறகு அவரைக் கூப்பிட்டு, நான் சொன்னது தவறு, உங்கள் மொழியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசுங்கள், கதை சொல்லுங்கள், 'ஏன்' என்று கேட்டால் நீட்டிப் பதில் சொல்லுங்கள் என்றேன். ஏன், எப்படி, ஆனால், ஒருவேளை என்று யோசிக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அதற்கு ஆங்கிலச் சொல் தேடிக்கொடுப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தையே நான் ஆங்கிலத்தில் ஊட்ட வேண்டுமென்றால் இருவரும் களைத்துப்போவோம். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் கூடியது.

போன மாதம் மறுபடி கைப்பேசியை மேசையில் வைத்து இருபது நிமிடம் பதிவு செய்தேன். பெருமையாக உட்கார்ந்து எண்ணினேன். 'அண்டர்ஸ்டாண்ட்' இரண்டே முறை. இடைவெளிகள் இருந்தன, மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. 'குட்'. யார் எதைச் சொன்னாலும் குட், வெரி குட், குட். முப்பத்தொரு முறை. பதிவின் கடைசியில், பறவை எண்ணிய பையனின் குரல் கேட்கிறது. அவன் தன் பக்கத்தைக் காட்டுகிறான், நான் "குட்" என்கிறேன், அவன் நகராமல் நிற்கிறான்.

"விச் ஒன் குட், மிஸ்?"

அதற்குப் பிறகு பதிவில் நீண்ட இடைவெளி. இந்த முறை காத்திருந்தது அவன்.